நியமக் கலமும் நான் எழுதிய மூன்று வரியும்

ஜன்னல் மூன்றையும் சாத்தி, இடுக்குகளில் பழைய சேலைகளைச் செருகினேன். வெளியே மாத்தளை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே கும்மிருட்டு. மேசையில் வைத்த விளக்கின் ஒளி, கல்வனோமானிக்குள் தொங்குகிற பொட்டளவு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஒரு மீற்றர் தள்ளியிருந்த வெள்ளை அளவுகோலில் மஞ்சள் பொட்டாக விழுந்தது. அந்த மஞ்சளுக்கு நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. சரியாகப் பூச்சியத்தில் நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ வருஷம் அலுமாரிக்குள் செத்தது போலக் கிடந்த கருவி. மின்சாரம் என்று சொல்லவே கூச்சப்படுகிற அளவு சின்ன ஓட்டத்தையும் அந்தப் பொட்டு ஓடிக் காட்டிக்கொடுக்கும். சரி, அழுதது போதும் பாக்கியம் என்று எனக்கே சொல்லி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அளக்கிற கம்பி கட்டிய பலகைக்குப் போனேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கை பட்டாலே கல்வனோமானி ஆடும் என்பதால், கம்பிப் பலகையை அறையின் மற்றக் கோடியில் வைக்க வேண்டும். இங்கே தொடுசாவியால் கம்பியைத் தொட்டால் அங்கே பொட்டு ஓடும். எந்தப் பக்கம் ஓடியது, எவ்வளவு ஓடியது என்று இங்கிருந்து தெரியாது. தொடுசாவியை விட்டுவிட்டு நான் எட்டிப் பார்ப்பதற்குள் அது பூச்சியத்துக்குத் திரும்பி, ஒன்றும் நடக்காதது மாதிரி நிற்கும்.

மொபைலை அளவுகோலுக்கு முன்னால் நிறுத்தி வீடியோ எடுத்துப் பார்த்தேன். பிறகு அதைப் போட்டுப் பார்த்தால், பொட்டு இடமும் வலமுமாகக் குதிக்கிறது; எந்தக் குதிப்பு எந்தத் தொடுகைக்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆடியோவில் என் குரல்: "ஐயோ சாமி, இப்ப எங்க தொட்டேன்?" கிழிந்தது. தன்னந்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற ஒரு கிழவியின் வீடியோ அது. உடனே அழித்துவிட்டேன்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கம்பியில், ஒருவர் பொட்டில். எனக்கு இருப்பதோ நான் ஒருத்திதான்.

பெட்டி வந்த கதை

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய பரீட்சை மேற்பார்வைச் சண்டையை வாசித்துவிட்டு ஒரு வாசகி, "டீச்சருக்கு யாரிடமும் பயமில்லை போல" என்று எழுதியிருந்தார். அம்மா தாயே, இந்த வாரத்தையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் பௌதிகவியல் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் இப்போது என் பழைய மாணவி நிரோஷினிதான் பிரின்சிபல். இரண்டு மாதத்துக்கு முன்னால் போன் எடுத்தாள். "டீச்சர், பழைய லேப்ப உடைக்கப் போறாங்க. பழுதுச் சாமான் லிஸ்ட் போட்டாச்சு. வேலை செய்யிறது ஏதாவது இருந்தா சொல்லுங்க, கண்ணாடி அலுமாரியில வச்சுக்கலாம். மத்ததெல்லாம் இரும்புக்காரனுக்குத்தான் போகும்."

இரும்புக்காரன் என்று அவள் சொன்னதும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்து, கருவிகளைத் திருத்திப் பார்க்க வீட்டுக்கு எடுத்து வந்தேன். த்ரீவீலர்காரர் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு வரும்போது, "என்ன டீச்சர், ரேடியோக் கடை போடப் போறீங்களா?" என்று கேட்டார்.

பித்தளைத் திருகாணி வைத்த வோல்ற்றுமானி. அதன் முள்ளுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். முள் தன் பிம்பத்தைத் தானே மறைக்கிற கோணத்தில் கண்ணை வைத்தால்தான் வாசிப்பு சரி. பொன்னிலை மின்காட்டி ஒன்று, இலை கிழிந்து போய். பத்து மீற்றர்க் கம்பியைப் பத்து வரிசையாக இழுத்துக் கட்டிய அழுத்தமானிப் பலகை. கல்வனோமானி. கடைசியில், இவற்றுக்கு மேலே கட்டி வைத்த ஒரு சின்ன மரப்பெட்டி.

அந்தச் சின்னப் பெட்டியை நான் கேட்கவில்லை. நிரோஷினியாகவே வைத்து அனுப்பிவிட்டாள். அதற்குள் நியமக் கலம் என்கிற மின்கலம் இருந்தது. அது என்றைக்கோ செத்துப்போனது. அதைக் கெடுத்தவள் நான். பழி விழுந்தது அப்போது என்னோடு வேலை செய்த ஃபரீதா மேல்.

இத்தனை வருஷமாக இந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒரே ஆள் ஃபரீதா. அவள் உயிரோடு இருக்கும்போதே, நானும் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் பெட்டியைப் பார்த்த நிமிஷம் தோன்றியது. அதற்குப் பிறகு மூன்று வாரம் அதைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன்.

எடுக்காமல் அளப்பது

பௌதிகவியல் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மின்கலத்துக்கு எத்தனை வோல்ற்று என்று பார்க்க வோல்ற்றுமானியைப் பொருத்தினால், அது கலத்திடமிருந்தே கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டுதான் முள்ளை நகர்த்தும். சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து நசுக்குகிறோமே, அப்படி. பானை நிறையச் சோறு இருந்தால் ஒரு பருக்கை போனால் என்ன?

ஆனால் நியமக் கலம் பானை இல்லை. இரண்டு கண்ணாடிக் குழாய்களை நடுவில் இணைத்தது போல இருக்கும், அடியில் பாதரசம். அதன் மின்னழுத்தம் வருஷக்கணக்காக மாறாது. மற்றதையெல்லாம் அதை வைத்துத்தான் அளப்போம். அதற்கு ஈடாக அது ஒன்றே ஒன்று கேட்கும்: என்னிடமிருந்து மின்சாரம் எடுக்காதே, என்னைச் சரிக்காதே.

அதனால்தான் அழுத்தமானி. கம்பியின் அழுத்தமும் கலத்தின் அழுத்தமும் எதிரெதிரே தள்ளிக்கொண்டு, இரண்டும் சமமாகிற இடத்தில் கலத்திலிருந்து ஒன்றுமே ஓடாது. பொட்டு அசையாது. அந்த இடம் வரைக்குமான கம்பியின் நீளம்தான் விடை. எடுக்காமல் அளப்பது என்று நான் வகுப்பில் சொல்வேன். ஆயிரம் பெண் பிள்ளைகளுக்காவது சொல்லியிருப்பேன்.

ஃபரீதா

முழுப் பெயர் சித்தி ஃபரீதா, எங்கள் ஆய்வுகூட உதவியாளர். இரத்தோட்டைப் பக்கம் வீடு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என்னைவிட நாலைந்து வயசு குறைவு. அப்போது நான் அவளை "வா, போ" என்றுதான் பேசுவேன். அவள் எனக்கு "நீங்க, டீச்சர்". அது எங்கள் இரண்டு பேருக்குமே வித்தியாசமாகப் படவில்லை. எனக்கு இன்றைக்குப் படுகிறது.

மழை மாதங்களில் எங்கள் ஊரில் மின்காட்டி வேலை செய்யாது. காற்றெல்லாம் ஈரம், பொன்னிலை விரிந்த வேகத்திலேயே சுருங்கிவிடும். கல்வி அதிகாரி வருகிற நாளாகப் பார்த்து எனக்கு வியர்த்துக் கொட்டும். ஃபரீதா மெதுவாக மின்காட்டியின் மூடியைக் கழற்றி, இலையைத் தாங்குகிற கந்தகக் கட்டையை மேசை விளக்குக்கு முன்னால் பிடித்து, இரண்டு பக்கமும் சூடு காட்டி மாட்டுவாள். இலை விறைத்துக்கொண்டு நிற்கும். எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டால், "அப்பளம் நமத்துப்போனா எனத்த செய்ற டீச்சர்?" என்பாள்.

கல்வனோமானிப் பரிசோதனையில் நாங்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. நான் கம்பியில், அவள் பொட்டில். வலம், இடம், நில்லுங்க. இந்த மூன்று சொல்லைத் தவிர வேறொன்றும் பேச மாட்டோம். ஒரு மணித்தியாலம் இருட்டறையில் அப்படி நிற்போம். என் வாழ்க்கையில் இன்னொருவரோடு அவ்வளவு ஒத்துப்போய் நான் வேறெங்கும் நின்றதில்லை. கல்யாணம் ஆகாதவள் இப்படி எழுதினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

வெள்ளிக்கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனையைச் செய்து காட்டினோம். நியமக் கலத்துக்குக் காலையில் வந்த நீளம் வேறு, இரண்டு பாடம் கழித்து வந்த நீளம் வேறு. நான் கலத்தில்தான் பிழை என்றேன்.

பொட்டுக்குப் பக்கத்திலிருந்து ஃபரீதா சொன்னாள்: "கலம் இல்ல டீச்சர். கம்பிக்குக் கரண்ட் குடுக்குற அந்த பெரிய பேட்டரி இறங்குது. காலையில இருந்து போட்டபடிதானே ஈக்கி."

பதினைந்து பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபரீதா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டம் பெற்றவள் நான், இவள் யார் எனக்குச் சொல்ல? மூக்கு உடைந்த ஆத்திரம்.

அன்று அவள் கைப்பிள்ளைக்கு ஊசி போட கிளினிக்குக்குப் போக வேண்டுமென்று, சாவியை என் கையில் தந்துவிட்டு நேரத்தோடு போய்விட்டாள். நான் தனியாக லேப்பில் நின்றேன். கலத்தில்தான் பிழை என்று எப்படியாவது காட்டிவிட வேண்டும். நியமக் கலத்தை வெளியே எடுத்து, அந்தப் பித்தளைத் திருகாணி வோல்ற்றுமானியை அதற்குக் குறுக்கே பொருத்தினேன்.

ஆமாம். ஆயிரம் பிள்ளைகளுக்குச் செய்யாதே, செய்யாதே என்று சொன்னவள் செய்தேன். ஒரு வினாடி தொட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முள் ஒன்றில் நின்றது. அந்த முள்ளில் ஒரு நூலளவு வித்தியாசமும் தெரியாது என்று எனக்குத் தெரியாதா? கோபத்தில் இருக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை வாசலில் வந்து, பிரின்சிபல் கூப்பிடுகிறார், கூட்டம் தொடங்கிவிட்டது என்றது. கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். கூட்டம் முடிந்து நேரே வீட்டுக்கு.

திங்கட்கிழமை காலையில் வந்து கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். கம்பிகள் மாட்டியபடியே இருந்தன. முள் பூச்சியத்தில் படுத்துக் கிடந்தது. மூன்று இரவும் இரண்டு பகலுமாக அந்தக் கலத்தை உறிஞ்சி எடுத்திருக்கிறது. கழற்றி, துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினேன். ஃபரீதா வந்ததும் சாவியைக் கொடுத்தேன். "புள்ளைக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

மூன்று வரி

அந்த வாரமே அதிகாரி வந்தார். நியமக் கலம் இருக்கிற பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் இதுதான், காட்டுங்கள் என்றார். காட்டினோம். கலம் செத்திருந்தது. யார் பொறுப்பு என்று கேட்டார்.

எழுத்தில் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன்: நியமக் கலம் பழுதடைந்துள்ளது. ஆய்வுகூடச் சாவி உதவியாளர் சித்தி ஃபரீதா வசம் இருந்தது. பழுதுக்கான காரணம் எனக்குத் தெரியாது.

முதல் வரி உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது பச்சைப் பொய்.

வெள்ளிக்கிழமை சாவி டீச்சரிடம்தான் இருந்தது என்று ஃபரீதா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அகப்பட்டிருப்பேன். அவள் வாயே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அடுத்த தவணைக்கு நாவுலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ட்ரான்ஸ்பர். கைப்பிள்ளையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அவளுக்கு விஷயம் தெரியும், தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றே இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் பெரிய மனசுக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்கும் ஒரு வசதி இருந்தது பாருங்கள்.

அதற்குப் பிறகு வந்த எந்த உதவியாளரோடும் நான் அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை. கல்வனோமானி பழுது என்று சொல்லிப் பூட்டி வைத்தேன்.

போன்

பொட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள்தான் வேண்டுமென்றால், கீழ் வீட்டில் குடியிருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாம். நிரோஷினி யாரையாவது அனுப்பியிருப்பாள். எனக்கு ஃபரீதா வேண்டும். சும்மா கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கத் தைரியம் இல்லை. வேலை ஒன்று இருக்கிறது என்றால் கூப்பிடலாம். அவ்வளவுதான் என் வீரம்.

நிரோஷினிதான் எங்கேயோ விசாரித்து நம்பர் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் அந்தக் கடதாசியை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தேன்.

"ஹலோ, ஃபரீதாவா? நான் பாக்கியம்... பாக்கியம் டீச்சர்."

கடதாசியைத் திரும்பவும் மடித்தேன்.

"டீச்சர்!" என்றாள். "எப்படி டீச்சர் சுகமா? உசிரோட ஈக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். அந்தக் கல்வனோமானி வீட்டுல இருக்கு. பொட்டு விழுது ஃபரீதா. பாத்துச் சொல்ல ஆளில்ல. நீங்க ஒருக்கா வர முடியுமா?"

"எனத்த டீச்சர், புதுசா நீங்க, வாங்கன்னு?" சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "வாறேன் டீச்சர். எனக்கும் உங்கள ஒருக்கா காண வேண்டிய அலுவல் ஒண்டு ஈக்கி. இன்ஷா அல்லாஹ், வியாழக்கிழமை வாறேன்."

என்ன அலுவல்? முகத்துக்கு நேரே கேட்கத்தான் வருகிறாள் என்று முடிவு கட்டினேன். கேட்கட்டும். என் வீட்டுக்குக் கோபப்படுவதற்காவது ஒரு ஆள் வரட்டும். தபால்காரரைத் தவிர என் படிக்கட்டில் யாரும் ஏறுவதில்லை. அவரும் பாதியில் நின்று கடிதத்தை நீட்டுகிறவர்.

வலம், இடம், நில்லுங்க

வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்தாள். குடையை மடக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, ஒரு பையில் ஏலக்காயும் சீனிச் சம்பலும். நரைத்து, தடித்து, ஒரு கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி. ஆனால் அதே ஃபரீதாதான். வந்ததும் வராததுமாகச் செருகியிருந்த சேலைகளைப் பார்த்து, "அந்த மூலையால வெளிச்சம் வருதே டீச்சர்" என்றாள்.

"கண்ணு எப்படி?"

"தூரம் நல்லா தெரியும். எழுத்துதான் ஏலாது. அதுக்கு மருமக ஈக்கி."

பாலில்லாத பிளேன்டி ஊற்றி வைத்தேன். அவள் அதைத் தொடாமலே அளவுகோலுக்குப் பக்கத்தில் போய், நிழல் விழாத கோணத்தில் நின்றாள். நான் கம்பிப் பலகைக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றை வாங்கி, தடைமாற்றி வழியாக அழுத்தத்தை இறக்கி வைத்திருந்தேன். அளப்பதற்கு ஒரு டோர்ச் பேட்டரி.

தொட்டேன்.

"வலம்," என்றாள். "வலம்... இன்னும் வலம்... தாண்டிட்டீங்க. இடம். மெதுவா. இடம்... இருங்க, பஸ் ஒண்டு போகுது, பொட்டு ஆடுது. போகட்டும்."

இருட்டில் இரண்டு பேரும் பஸ் போகும்வரை நின்றோம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தனிமை என்பதே இருந்ததாக நினைவில்லை.

"இப்ப. ஒரு நூல் இடம். நில்லுங்க!"

நின்றேன். விளக்கைப் போட்டு நீளத்தை வாசித்தேன். மூன்று தரம் செய்தோம். மூன்று தரமும் ஒரே நீளம். ஒரு மில்லிமீற்றர் கூடப் பிசகவில்லை. கருவி உயிரோடுதான் இருந்தது.

அவள் கொண்டுவந்த அலுவல்

ஜன்னலைத் திறந்தேன். இரண்டு பேரும் கண் கூச உட்கார்ந்தோம். அப்போதுதான் மேசை ஓரத்தில் இருந்த சின்ன மரப்பெட்டியை அவள் கண்டாள். முகம் மாறிவிட்டது.

"இது இன்னும் ஈக்கா?"

"இருக்கு."

கையை மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் தொடவில்லை.

"டீச்சர், நான் எத்தனையோ வருஷமா உங்களுக்கு ஒண்டு செல்லோணும்னு ஈக்கேன். அதுக்குத்தான் வந்த. கோவிச்சுக்கொள்ள வேணாம்."

"சொல்லுங்க."

"அந்தக் கலத்த நாசமாக்கினது நான்தான். அந்த வாரம் திங்கக்கெழம தூசி தட்டக்குள்ள பெட்டிய ஒரு பக்கமாத் தூக்கிட்டேன். சரிக்க வேணாம் சரிக்க வேணாம்னு நீங்க எத்தன தரம் சொன்ன. பாதரசம் கலந்திருக்கும். அன்னைக்கே செல்லியிருக்கணும், பயத்துல வாய் வரல்ல. உங்களத்தான் அதிகாரி ஏசினாரு. என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர்."

சரி ஃபரீதா, போனது போகட்டும் என்று நான் சொன்னால் போதும்; அதோடு எல்லாம் முடிந்துவிடும். அவள் மனசு லேசாகி வீட்டுக்குப் போவாள். நானும் சாகும்வரை நல்ல டீச்சராக இருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"நீங்க இல்ல ஃபரீதா," என்றேன். "நான். வெள்ளிக்கிழமை சாவி என்கிட்ட இருந்துச்சு. நான் வோல்ற்றுமானியப் போட்டேன். கழட்ட மறந்துட்டுப் போயிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கேட்ட கேள்வி, ஒரு ஆய்வுகூட உதவியாளர் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி.

"எவ்வளவு நேரம்?"

"திங்கக்கிழமை காலை வரைக்கும்."

மனசுக்குள் எதையோ எண்ணிப் பார்த்தாள். "அப்ப நான் தூசி தட்டக்குள்ள அது ஏற்கெனவே மவுத்து."

"ஆமா."

"நான் சரிச்சதால இல்ல."

"இல்ல. கொஞ்சம் சரிஞ்சிருந்தா நிமித்தி வச்சா தேறியிருக்கும். நான்தான் அத முடிச்சேன். தெரியாதுன்னு எழுதிக் கொடுத்ததும் நான்தான்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நாவுலயில நான் கண்ணாடிச் சாமான் ஒண்டையும் தொட இல்ல டீச்சர்," என்றாள் கடைசியில். "புள்ளைகள விட்டுத்தான் எடுப்பிச்சேன். என்ட கை விளங்காத கைன்னு நெனச்சேன். வீட்டுல என்னப் பெத்த உம்மாட்ட செல்லிட்டேன், கலத்த நான்தான் நாசமாக்கினேன்னு. அதுக்குப் பொறகு உம்மா எனக்கு மகனக் குளிப்பாட்டத் தரல்ல. வழுக்கிப் போட்டுருவாய், உன்ட கைக்கு நிதானம் இல்லன்னு செல்லுவாங்க. நானும் கேக்க இல்ல. எட்டி நிண்டு பாத்துக்கொண்டு நிண்டேன். அவன் பெரிய புள்ளையாகிட்டான்."

"ஃபரீதா, என்னை மன்னிச்சு—"

"வேணாம் டீச்சர்." கையை உயர்த்தினாள். குரல் உயரவில்லை. "இப்ப அதக் கேக்க வேணாம். எனக்கு ஏலாது."

எழுந்து குடையை எடுத்தாள். தொடாத பிளேன்டி ஆறிப்போயிருந்தது. படிக்கட்டு வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"நீங்க பத்திரிகையில எழுதுற எல்லாம் மருமக எனக்கு வாசிச்சுக் காட்டுற. என் டீச்சர்னு பெருமையா இருப்பேன். இதையும் எழுதுங்க. அன்னைக்குப் பேரப் போட்டுத்தானே எழுதின? இன்னைக்கும் பேரப் போட்டு எழுதுங்க."

படிகளில் ஒவ்வொன்றாக, அந்தக் காலைத் தாங்கித் தாங்கி இறங்கினாள். கைபிடித்து இறக்கிவிட நான் போகவில்லை. போக எனக்கு முகமில்லை.

பேரைப் போட்டு

கருவிகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன. கல்வனோமானி கண்ணாடி அலுமாரியில் இருக்கிறதாம். நிரோஷினியிடமும் உள்ளதைச் சொல்லி, பழைய கோப்பில் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தேன். வாங்கி வாசித்தவள், "டீச்சர்..." என்றாள். அதற்குப் பிறகு அவள் போன் எடுப்பதும் குறைந்துவிட்டது. ஃபரீதாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நானும் தொந்தரவு கொடுக்கவில்லை.

இந்த அத்தியாயத்தை வாசித்த பத்திரிகை ஆசிரியர், அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் மாற்றிவிடலாமா, ஏதாவது வில்லங்கம் வரும் என்று தயங்கினார். மாற்றக் கூடாது என்றேன். மாற்றினால் இதை எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை.

மகளே, உன் பெயர் எனக்குத் தெரியாது. ஃபரீதாவுக்கு இதை வாசித்துக் காட்டப் போகிறவள் நீதான். ஒரு உதவி செய். உன் புருஷனும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக வாசி.

நியமக் கலத்தைக் கெடுத்தது பாக்கியம் டீச்சர். உன் மாமி சித்தி ஃபரீதா அதற்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவருடைய கையைப் போல நிதானமான கையை நான் எந்த ஆய்வுகூடத்திலும் கண்டதில்லை. உன் புருஷனை அந்தக் கைதான் குளிப்பாட்டியிருக்க வேண்டும்.